பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை

எங்கள் பக்கத்தில் புது வருடம் ஆடி பதினெட்டிலேயே பிறந்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருக்கும் அன்றைக்கு, சிவகாசி அச்சகங்களில் அடுத்த வருடத்துக் காலண்டருக்குப் பூசை போட்டு மாதிரிகளை வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பு வருடத்தின்மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது. நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். அடுத்த வருடம் தைப்பூசம் என்ன கிழமை, வைகாசியில் எத்தனை முகூர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால்தான் முழிப்பேன்.

"ஒனக்குச் சம்பளத்த மட்டும் இந்த வருசமே குடுத்துடுறாகளா, இல்ல அதுவும் அடுத்த வருசந்தானா?" என்று என் கணவர் கேட்பார். அவர் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறார். பட்டாசுக்குத்தான் சீசன் உண்டு, அவர் கிண்டலுக்குக் கிடையாது.

எங்கள் தெருவில் காசு கொடுத்துக் காலண்டர் வாங்கியவர் ஒருவரும் இல்லை. மை முன்னே பின்னே விழுந்த தாள்களை அச்சகத்தில் கழித்துப் போடுவார்கள். மேலே படம், கீழே பன்னிரண்டு மாதமும் கட்டம் கட்டமாக ஒரே தாளில் இருக்கும். கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டுக்கொன்றும் பால்வாடிக்கு ஒன்றுமாகக் கொடுத்துவிடுவேன். பழைய காலண்டர் தொங்கும் ஆணியிலேயே அதன் மேல் புதியதை மாட்டிவிடுவார்கள். படம் புதுசாக இருக்கிறதல்லவா, போதும். வருடத்தை யார் பார்க்கிறார்கள்?

இனி எங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். எல்லா வேலைக்கும் 'நிதி இல்லை' என்ற ஒரே பதில் வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஹோட்டலில் தயிர் தீர்ந்துபோச்சு என்று சொல்வார்களே, அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள். தெருவிளக்கு ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தது. எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ரோடு மோசம் என்றார்கள். சரி, ரோட்டைப் போடுங்கள் என்றதற்கு, பஸ் போகிற ரோட்டுக்குத்தான் முதலில் நிதி என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வந்த அன்று நானும் எதிர்வீட்டு மதினியும் நடுரோட்டில், அந்தப் பள்ளங்களுக்கு நடுவிலேயே நின்று, வயிறு வலிக்கச் சிரித்தோம். அழுவதற்கு அங்கே நிழல்கூட இல்லை.

மதினி என்றால் சொந்த மதினி இல்லை. தெருவில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிறவள். குரல் ஒன்றுதான் அவளுக்குச் சொத்து. தெரு முனையில் நின்று பேசினால் கடைசி வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

ரோட்டையும் விளக்கையும் சிரித்தே சமாளித்தோம். பால்வாடிக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

எங்கள் பால்வாடி ஒற்றை அறைக் கட்டிடம். கூரையின் உட்புறம் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஆயா ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. டீச்சரே சமைத்து, டீச்சரே ஊட்டி, டீச்சரே மூக்கும் துடைத்துவிடுவார். இப்போது புதிதாக ஒரு பேச்சு வந்தது. பழுதான கட்டிடங்களைச் சீர்செய்ய நிதி இல்லை. ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் வந்து பார்ப்பார். பழுது என்று எழுதினால் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பால்வாடியோடு சேர்த்துவிடுவார்கள்.

பக்கத்து ஊருக்கு அந்த ரோட்டில்தான் போக வேண்டும். என் மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. காலையில் அவளை இடுப்பில் வைத்து அங்கே நடந்து விட்டுவிட்டு, திரும்பி நடந்து வந்து, மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, வேலை தொடங்கும் நேரத்துக்கு அச்சகத்துக்குள் நுழைய என்னால் முடியாது. சீசனில் நேரம் தவறினால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பிழை கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. ஒரு பௌர்ணமி தப்பான கட்டத்தில் விழுந்திருப்பதைப் பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாது.

ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். "பத்தொன்பதாந்தேதி ஓவர்சியர் வாராராம். ஆபீஸ்லருந்து சொன்னாக."

நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். பத்தொன்பது, வியாழக்கிழமை. வாசலில் நின்று எதிர்வீட்டுக்குச் சொன்னேன். மதினி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, வியாழன்தான்" என்றாள். பக்கத்து வீட்டிலும் வியாழன். அடுத்த வீட்டிலும் வியாழன். டீச்சரும் பால்வாடிச் சுவரைப் பார்த்து, "வியாழன்தான் போட்டுருக்கு" என்றார். இவ்வளவு ஒற்றுமையாக எங்கள் தெரு அதற்கு முன்பு எந்த விஷயத்திலும் இருந்ததில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் தேதியைச் சொல்லவில்லை. வியாழன், வியாழன் என்றே பேச்சு. கம்பெனி ஆட்களுக்குக் கிழமைதான் கணக்கு. செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே தேதி பார்க்க வழியில்லை.

புதனும் வியாழனும் லீவு போட்டோம், நானும் மதினியும் இன்னும் சில தாய்மார்களும். புதன் வேலைக்கு, வியாழன் ஓவர்சியருக்கு. திட்டம் இப்படி: புதன் காலையில் ஒரு டிராக்டர் கிராவல் மண் வந்து ரோட்டுப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். கணவரோடு வேலை பார்க்கிறவரின் மச்சினன் கொத்தனார். அவர் வந்து கூரையின் தொங்கல் காரையை எல்லாம் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சுவரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கு வழியில்லை, ஆனால் தாளுக்கா பஞ்சம்? என்னிடம் கழித்துப் போட்ட தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. மைதா பசை காய்ச்சுவதில் எங்கள் ஊர்ப் பெண்களை அடிக்க ஆளில்லை. பட்டாசுக்கு லேபிள் ஒட்டிய கைகள், ஒரு சுவரா பெரிது?

புதன்கிழமை காலையில் அந்த இடம் இருந்த கோலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. டிராக்டர்காரர் மண்ணை நடுரோட்டில் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். கொத்தனாரைக் காணோம். பொறுக்கமாட்டாமல் மதினியே ஒரு கம்பை எடுத்துக் கூரையில் தொங்கிய காரையை எல்லாம் தட்டிவிட்டாள். கம்பிகள் பல்லிளித்தன. தட்டுமுட்டுச் சாமான்கள் வாசலில் கிடந்தன. பிள்ளைகளும் டீச்சரும் வேப்பமரத்தடியில். உள்ளே நாங்கள் முழங்கை வரை பசையோடு, தலையெல்லாம் காரைத் தூசியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

படங்களிலும் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் கட்டில் பாதிக்கு மேல் மஞ்சள் மை ஓடாத தாள். மஞ்சள் இல்லாவிட்டால் பச்சை நீலமாகிவிடும். எனவே சுவர் முழுக்க நீல வயல், நீலத் தென்னை, நீலக் கிளி. எலுமிச்சைக்கு நிறமே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். என் மகள் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே "நீலக் கிளி, நீலக் கிளி" என்று ஆடினாள்.

நான் ஆடும் ஏணியின் மேல்படியில் நின்று, கூரையோரம் ஓர் அருவிப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். பேண்ட்டு முழங்கால் வரை செம்மண். சட்டையெல்லாம் வேர்வை. கையில் ஒரு பழைய பை.

"என்னண்ணே, வெள்ளன வாங்கன்னா வெயில் ஏறுனப்பெறகு வாரீக!" என்று மதினி ஒரு சத்தம் போட்டாள்.

"ஊருக்குள்ள பஸ் வரல" என்றார் அவர். "மெயின் ரோட்லருந்து நடந்து வாரேன்."

"கரண்டி எங்க?"

"கரண்டியா?"

"கரண்டி இல்லாம கையாலயா பூசப் போறீக? நல்ல ஆளு வந்தீக போங்க. சரி, மொதல்ல அந்த ஏணியப் புடிங்க. மேல ஒருத்தி ஆடிக்கிட்டு நிக்கிறா, தெரியலயா?"

ஏணி நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது. அவர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து பிடித்தார். அதற்கு மேல் எனக்கும் தைரியம் வந்துவிட்டது. மேலே நின்றபடியே அவருக்கு நிலவரத்தை விளக்கினேன்.

"நாளைக்கு ஓவர்சியர் வாராருண்ணே. அந்தாளு தலையில ஒரு பொட்டுக் காரை விழக் கூடாது. அம்புட்டுத்தான் ஒங்க வேல. மத்தத நாங்க பாத்துக்கிடுவோம். வந்ததும் கலர் சோடா ஒடைச்சுக் குடுத்து, நிமிந்து பாக்க விடாமப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்போம்."

"நிமிந்து பாத்துட்டா?" என்றார் அவர் கீழேயிருந்து.

"பாத்தா அருவி தெரியும்."

"ஏன் அருவிய அங்கன கொண்டுபோய் ஒட்டுறீக?"

"மழைக்கு ஒழுகுற எடம்ணே இது. ஒழுகுனாலும் படத்துக்குப் பொருத்தமா இருக்குமில்ல."

ஏணி மறுபடியும் ஆடியது. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "ஆட்டாதீக!" என்று அதட்டினேன்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார். கையிலிருந்த சாதக் கரண்டி கீழே விழுந்தது. "சார்! வணக்கம் சார்! நீங்க எப்ப வந்தீக?"

ஏணியின் உச்சியில் பசை மட்டையோடு நின்ற எனக்கு இறங்குவதா, அங்கேயே குடியிருந்துவிடுவதா என்று தெரியவில்லை. மதினிதான் முதலில் சுதாரித்தாள். குற்றம் எங்கள் மேல் இல்லை என்று நிலைநாட்டுவது அவள் சுபாவம்.

"நீங்க நாளைக்கில்ல சார் வரணும்?"

"இன்னைக்குத்தாம்மா பத்தொன்பது."

"பத்தொன்பது வியாழக்கிழம சார். இன்னைக்குப் புதன்."

"புதன்தான். பத்தொன்பதும்தான்."

"அது எப்படி சார்!" என்றாள் மதினி. "தெருவே பாத்துருக்கு!"

அரசாங்க அதிகாரியிடம் இன்றைக்கு அந்தத் தேதி இல்லை என்று ஓர் ஊரே வாதாடியது அன்றுதான். ஒருத்தி வீட்டுக்கு ஓடிப்போய்க் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றிப் பிள்ளையாரும் முருகனும் கொழுகொழுக் குழந்தைகளுமாகக் காலண்டர் பிடித்த பெண்கள். எல்லாவற்றிலும் பத்தொன்பது வியாழக்கிழமை. அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். செல்போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி காலண்டரைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், படத்தின் மூலையில் விரலை வைத்தார்.

"இது அடுத்த வருசத்துக் காலண்டர்ம்மா."

எல்லாரும் திரும்பி ஏணியைப் பார்த்தார்கள். அந்தத் தாளுக்குப் புரூஃப் பார்த்ததே நான்தான். அந்த வருடத்தை நானே கட்டை விரலால் தடவிச் சரி என்று விட்டிருக்கிறேன்.

அவர் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவர் சிரிக்கவும் எங்களுக்கும் அடக்க முடியவில்லை. மதினி சுவரில் சாய்ந்து சிரித்து, முதுகோடு ஒரு தென்னந்தோப்பைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகளும் வெளியிலிருந்து ஓடி வந்து, காரணம் தெரியாமலேயே எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

பிறகு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கலர் உடைத்துப் பேச்சுக் கொடுக்கிற திட்டமெல்லாம் நாளைக்குத்தான் இருந்தது. கம்பிகள் அத்தனையும் தெரிந்தன. கம்பை வாங்கி இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். "தளம் கெட்டியா இருக்கு. காரைதான் போச்சு" என்றார். "ஆனா கம்பி தெரிஞ்சா பூட்டணும்னு சொல்லியிருக்காக. ரிப்பேருக்கு இந்த வருசம் நிதி இல்ல. எங்க ஜீப்புக்கே டீசலுக்கு நிதி இல்லன்னுதான் நான் பஸ்ல வந்தேன்."

நான் இறங்கினேன். மகள் வந்து பசைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டிட்டீகன்னா நான் நாளையிலருந்து வீட்லதான் சார்" என்றேன். "இவளக் கூட்டிக்கிட்டு மிசின் ஓடுற எடத்துக்குப் போக முடியாது. மதினி மருந்து வச்சிருக்கிற கம்பெனிக்குப் பிள்ளையத் தூக்கிட்டுப் போக முடியுமா? இந்த ஒத்த ரூம நம்பித்தான் சார் நாங்க வேலைக்குப் போறோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்த வாயோடேயே அழுதேன், அது பார்க்க எப்படி இருந்திருக்குமோ. அவர் கையிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பத்தொன்பது வியாழக்கிழமதான?"

"ஆமா சார்."

"அப்ப நான் நாளைக்கு வாரேன்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, "கம்பியில துருவ நல்லாத் தேச்சு எடுத்துட்டு, சிமெண்டுப் பால் அடிச்சுட்டு, அப்புறம் பூசச் சொல்லுங்க" என்றார். மண் குவியலைச் சுற்றி, ரோட்டோரமாக நடந்து போனார்.

அவர் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து நின்றார். கொத்தனார் என்றார். நாங்கள் சூடு கண்ட பூனைகள். "கரண்டியக் காட்டுங்க" என்றாள் மதினி. அவர் கரண்டியையும் மட்டப்பலகையையும் எடுத்துக் காட்டிய பிறகே உள்ளே விட்டோம்.

வியாழக்கிழமை ஓவர்சியர் மறுபடியும் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். ரோட்டில் மண் நிரவியிருந்தது. கூரை ஈரம் காயாமல் கருப்பாக, முழுசாக இருந்தது. கம்பால் தட்டிப் பார்த்தார், ஒரு பொட்டு விழவில்லை. கலர் உடைத்துக் கொடுத்தோம், குடித்துக்கொண்டே தாராளமாக நிமிர்ந்து பார்த்தார். அருவியைப் பார்த்ததும் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் மகளைக் கூப்பிட்டார்.

"கிளி என்ன கலரு?"

"நீலம்" என்றாள் அவள் யோசிக்காமல்.

"சரிதான்" என்றார் அவர், சுவரைப் பார்த்துவிட்டு.

பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினார். "வருசக் கடைசி வரைக்கும் புழங்கலாம்னு எழுதுறேன். அதுக்கப்புறம் மறுபடி வந்து பாக்கணும்."

வருடக் கடைசிக்கு இன்னும் நான்கு மாதம்தான். டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார், "எந்த வருசம் சார்?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, சுவரில் நீலக் கிளிக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "இந்த ஊர்ல எந்த வருசம் நடக்குதோ அந்த வருசம்" என்று சொல்லிவிட்டு, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் மகளைப் பால்வாடியில் விட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். அச்சகத்தில் என் நாற்காலி காலியாகவே இருந்தது. அன்றைக்கு மேசையில் கிடந்தது அடுத்த வருடத்து டிசம்பர் மாதம். அதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிடும். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினேன். முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் இன்னும் அச்சுக்கு வரவில்லை.